இரண்டு சிலிண்டரும் ஒரு ஸ்டாண்டும்

மோட்டார் வாங்கப் போகிறவர்கள் அடையாள அட்டையும் பணமும் கொண்டுபோவார்கள். நான் அளவு நாடாவும் கொண்டுபோனேன். பட்டர்வொர்த்தில் இருந்த அந்தக் கடைக்குள் நுழைந்ததும், விற்பனையில் நின்ற சீனத் தம்பி என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்து, "அங்கிளுக்கா?" என்று மலாய் மொழியில் கேட்டார். என் கணவர் கட்டைவிரலால் என்னைக் காட்டினார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவான உயரம், வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கும் நடை. தம்பி நாகரிகமானவர், சிரிப்பை உதட்டுக்கு வரவிடவில்லை. நான் குனிந்து தரையிலிருந்து இருக்கைவரை நாடாவைப் பிடித்தேன். எழுபது சென்டிமீட்டருக்கு ஒரு விரல் குறைவு. விளம்பரத் தாளிலும் அதே அளவுதான் போட்டிருந்தது. அந்த வண்டியின் மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த நிமிடத்தில்தான். தாளில் ஓர் அளவும் பொருளில் வேறு அளவுமாகக் கொடுக்கிறவர்களோடுதான் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

மாக் மண்டினில் இரும்புத் தகடுகளை அழுத்தி உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரச் சோதனை வேலை. ஒரு துண்டு சரியில்லை என்றால் பெட்டியே திரும்பிப் போகும். பெட்டியோடு ஒரு படிவமும் போகும். அதில் காரணம் எழுத மூன்று கட்டங்கள் உண்டு: இயந்திரக் கோளாறு, மூலப்பொருள் கோளாறு, ஆபரேட்டர் தவறு. மூன்றாவது கட்டத்தில் சரி போடும்போது நான் ஒருமுறைகூடத் தயங்கியதில்லை. வேலையாட்கள் வந்து, "அக்கா, மிசின்தான் சரியில்லலா, நம்புங்கக்கா" என்று கெஞ்சுவார்கள். மிசினுக்கு வாய் இருந்தால் உன்னைப் பற்றி என்ன சொல்லும் என்று கேட்டு அனுப்பிவிடுவேன்.

இப்படிப்பட்ட நான் இரண்டு வருடமாக ஒரு பொய்யைச் சுமந்துகொண்டிருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்பு என்னிடம் ஒரு கப்சாய் இருந்தது. கப்சாய் என்றால் கிளட்ச் பிடி இல்லாத, இந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று நிற்கும் சின்ன மோட்டார். தீவில், ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து படகுத்துறையான ஜெட்டி வரை ஓட்டி, ஃபெரியில் ஏற்றி, அக்கரையில் இறங்கி, மாக் மண்டின் போய்ச் சேருவேன். இருபத்தைந்து வருடம் அப்படித்தான் போனேன். ஒருநாள் காலையில் கேஸ் தீர்ந்ததை யார் சொல்லவில்லை என்பதில் எனக்கும் கணவருக்கும் வாக்குவாதம். கோபத்தில் தடதடவென்று கீழே இறங்கி, வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனேன். பின்னால் யாரோ, "தொங்காட்! தொங்காட்!" என்று கத்தினார்கள். தொங்காட் என்றால் ஸ்டாண்டு. அது இறங்கியிருந்தால் முன்பின் தெரியாதவர்கூட இங்கே அப்படிக் கத்திச் சொல்வார்கள். காதில் விழுந்தது. ஆனால் கால் அசைவதற்குள் திருப்பம் வந்துவிட்டது. இடது பக்கம் வண்டியைச் சாய்த்ததும் மடக்காத ஸ்டாண்டு தாரில் ஊன்றி, வண்டியையும் என்னையும் வேறு வேறு திசையில் எறிந்தது. வலது முழங்கால் நொறுங்கியது.

மருத்துவமனையில் எப்படி விழுந்தீர்கள் என்று தாதி கேட்டபோது, "ரோட்டில் மணல்" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. பக்கத்தில் கணவர் நின்றிருந்தார். அவ்வளவுதான், மணல் மணலாகவே இருந்துவிட்டது. பார்க்க வந்தவர்களிடம் ஒரு பிடி மணலாக இருந்தது மாதக் கணக்கில் அரை லாரி ஆனது. என் கணவரின் அக்கா, ஊர் பேர் தெரியாத அந்த மணல் லாரிக்காரனுக்குக் கோயிலில் விளக்கேற்றிச் சாபம் விட்டுவிட்டு வந்தார். இல்லாத லாரிக்கு இல்லாத டிரைவர். அவருக்கு எந்தத் தீங்கும் வந்திருக்காது என்ற ஒரே ஆறுதல்தான் எனக்கு.

இரண்டு வருடம் பஸ்ஸும் ஃபெரியும் மறுபடி பஸ்ஸுமாகப் போய்வந்தேன். நேரம் போவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பஸ் தவறிய நாட்களில் யார் காரிலாவது ஒட்டிக்கொண்டு, அவர்கள் கிளம்பும்வரை கேட்டில் நின்று, அவர்கள் பேச்சுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு போவதுதான் தாங்கவில்லை. எனக்குத் தலையாட்ட வராது. முழங்காலோ முன்போல் மடங்க மறுத்தது. கப்சாய் அதற்குள் கைமாறிவிட்டது. தோழியின் ஸ்கூட்டரில் உட்கார்ந்து பார்த்தேன். காலை மடக்கி வைத்த ஐந்தாவது நிமிடத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்புறம்தான் ஒருநாள் ஃபெரியில் அந்த வண்டியைப் பார்த்தேன். கப்சாய்களுக்கு நடுவில் தாழ்வாக, நீளமாக நின்றது. ஓட்டிவந்தவர் சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல் காலை முன்னால் நீட்டி, மிதியில் வைத்திருந்தார். நான் ஆளைப் பார்க்கவில்லை, அவர் முழங்காலைத்தான் பார்த்தேன். அது மடங்கியிருந்த அளவு என் முழங்காலும் மடங்கும். அக்கரை வருவதற்குள் அவரிடம் எல்லாம் விசாரித்துவிட்டேன். இருநூற்றைம்பதுக்கு ஒரு சிசி குறைவு. என்னிடம் இருக்கும் பி2 உரிமம் இருநூற்றைம்பது வரை செல்லும். விலையும் இரண்டு கப்சாய் வாங்கும் விலைக்கு ஏறத்தாழத்தான் வந்தது. இதுவும் சரிவராவிட்டால் இனி மோட்டார் பேச்சே எடுப்பதில்லை என்று வீட்டில் சொன்னேன். கணவரின் அக்கா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "சொன்ன சொல்லு மாறக் கூடாது, ஆமா" என்றார்.

கடையில் நான் அந்த வண்டியை அரை மணி நேரம் சோதித்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் குனிந்தேன், நிமிரும்போதெல்லாம் வியப்போடு நிமிர்ந்தேன். சட்டகத்தில் பற்றவைத்த இடமெல்லாம் ஒரே சீர். எங்கேயும் கட்டி தட்டவில்லை, எங்கேயும் இழுத்து மழுப்பவில்லை. இன்ஜினில் இரண்டு சிலிண்டர்கள், வி எழுத்தைப்போல் ஒன்று முன்னால் சாய்ந்தும் ஒன்று பின்னால் சாய்ந்தும் இருந்தன. அழகுக்காகச் செய்தது என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் வண்டியின் இடுப்பு அகன்றிருக்கும், என்னைப் போன்ற குள்ளக் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்தே தரையைத் தேட வேண்டியிருக்கும். முன்னும் பின்னுமாக வைத்ததால் இருக்கைக்குக் கீழே இடுப்பு ஒடுங்கி, கால் நேராக இறங்கியது. எடை கப்சாயைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஆனால் எடையெல்லாம் முழங்காலுக்குக் கீழே கிடந்ததால் நிமிர்த்தும்போது அது தெரியவில்லை. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பாதங்களும் குதிகால் வரை தரையில் பதிந்தன. என் வாழ்க்கையில் எந்த வண்டியிலும் நான் நுனிக்காலில்தான் நின்றிருக்கிறேன்.

பின் சக்கரத்துக்குச் சங்கிலி இல்லை. பற்கள் உள்ள அகலமான பெல்ட். எண்ணெய் வேண்டாம், சத்தம் இல்லை. இருபத்தைந்து வருடம் என் கால்சட்டை ஓரங்களில் சங்கிலி மசி ஒட்டி, துவைத்துத் துவைத்தே கை தேய்ந்தவளுக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்று அதை வரைந்த பொறியாளருக்குத் தெரிந்திருக்காது. கிளட்ச் பிடியை இரண்டு விரலால் இழுக்க முடிந்தது. இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் இருந்தது, அதாவது எவ்வளவு பயந்துபோய் பிரேக்கைப் பிடித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது. குறைகளும் இல்லாமல் இல்லை. பின் இருக்கை ஓர் ஆப்பம் வைக்கும் அளவுதான். வெயிலில் நெரிசலில் நின்றால் வலது கணுக்காலில் இன்ஜின் சூடு அடிக்கும் என்று தம்பியே ஒப்புக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டதும் வண்டியின் மேல் இருந்த நம்பிக்கை இன்னும் கூடியது.

இவ்வளவு நேரமும் என் கணவர் என்ன செய்தார் என்றால், வண்டியின் இடது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்டாண்டைக் கையால் இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். பிறகு தம்பியை ஓரமாக அழைத்து ஏதோ ஒன்று கேட்டார். தம்பி ஏதோ பதில் சொன்னார். உடனே கணவர் என்னிடம் வந்து, "எடுத்துக்கலாம்" என்றார். அவர் ஆயர் ஈத்தாம் பாசாரில் காய்கறிக் கடை வைத்திருப்பவர். கத்தரிக்காயைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கத் தெரியும், மோட்டார் விஷயம் ஒன்றும் தெரியாது என்பது என் எண்ணம். "இவ்ளோ பெரிய வண்டியில உங்களுக்கு அந்தக் கட்டை மட்டும்தான் கண்ணுல பட்டுச்சா?" என்றேன். மோட்டார் வாங்கப் போய் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டு வந்த மனுஷன் என்று தொழிற்சாலையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் பூசை போட வேண்டும் என்று நாத்தனார் பிடிவாதமாக நின்றார். ஓட்டத் தெரியாத வண்டிக்கு என்ன பூசை என்று நான் மூன்று வாரம் தள்ளிவைத்தேன். ஓட்டத் தெரியாது என்றது உண்மைதான். கப்சாயிலேயே உரிமம் எடுத்து, கப்சாயிலேயே காலம் தள்ளியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு, அதை நானும் செய்தேன். கப்சாயில் கியர் கூட்ட மிதியைக் கீழே அமுக்க வேண்டும். இதிலோ முதல் கியருக்கு மட்டும்தான் கீழே அமுக்க வேண்டும், மற்றதெல்லாம் மிதியை மேலே தூக்க வேண்டும். வேகம் எடுக்கிறது, மூன்றாவது போடலாம் என்று பழைய புத்தியில் அமுக்குவேன். கியர் கீழே விழும், வண்டி மூக்கணாங்கயிறு இழுத்த மாடாக முன்னால் குனியும், நான் கைப்பிடியில் முட்டப் போவேன். இருபத்தைந்து வருடப் பழக்கம் காலில் இருந்தது, மூளை சொன்னால் கேட்கவில்லை. ஆனால் அந்த வண்டி பொறுமைசாலி. தவறான கியரிலும் இரண்டு சிலிண்டரும் முணுமுணுக்காமல் மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். சின்ன வேகத்திலேயே அதற்கு அவ்வளவு இழுவை. எங்கள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் வாளித் தண்ணீரைக் கொட்டி, அதன் மேல் ஓட்டி, பிரேக்கை முழுக்க அமுக்கியும் பார்த்தேன். பிடி விரலுக்குள் படபடவென்று துடித்தது. சக்கரம் வழுக்கவில்லை. நேராகப் போய் நின்றது. அந்த ஈரத் தரையில் வண்டிமேல் உட்கார்ந்தபடியே சத்தமாகச் சிரித்தேன்.

பயிற்சி நடந்த ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் தவறாமல் வந்தார். நான் ஏறி உட்கார்ந்ததும், என் கால் போவதற்குள் அவரே ஸ்டாண்டைக் காலால் தட்டித் தூக்கிவிடுவார். "நான் என்ன சின்னப் புள்ளையா?" என்று எரிந்துவிழுவேன். "சரி சரி, ஓட்டு" என்பார். அடுத்த வாரமும் அதையேதான் செய்வார்.

பூசை நாள் காலையில் கணவர் வழக்கம்போல் ஸ்டாண்டைத் தட்டிவிட, வீட்டிலிருந்து கோயில் வரை நானே ஓட்டினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு பொதுச் சாலை. விழுந்த திருப்பம் வந்தபோது வேகத்தைக் குறைத்தேன். இரண்டாவது கியரில் மெல்லத் திரும்பினேன். நீளமான வண்டி, தண்டவாளத்தில் போவதுபோல் திரும்பியது. கோயில் வாசலில் நிறுத்தி, ஸ்டாண்டு போட்டு இறங்கினேன். கணவரும் நாத்தனாரும் காய்கறிக் கடை வேனில் வந்து சேர்ந்தார்கள். ஐயர் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார். இரண்டு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். "ஏறி உக்காந்து நசுக்கிட்டுப் போங்கம்மா" என்றார். வெள்ளிக்கிழமைக் கூட்டம் வேறு, பார்க்க இருபது முப்பது பேர் நின்றார்கள். கணவர் இரண்டு கையிலும் தேங்காயும் தட்டுமாக ஐயருக்குப் பின்னால் தள்ளி நின்றார்.

ஏறினேன். இன்ஜினைக் கிளப்பினேன். கிளட்சைப் பிடித்து முதல் கியரை அமுக்கினேன். இன்ஜின் நின்றுவிட்டது.

பதற்றத்தில் கிளட்சை விட்டிருப்பேன் என்று நினைத்து, நியூட்ரலுக்குக் கொண்டுவந்து மறுபடி கிளப்பினேன். அழகாக ஓடியது. கியரை அமுக்கினேன். மறுபடி நின்றது. எலுமிச்சம்பழங்கள் இரண்டும் முழுசாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"சைனா மோட்டார், அப்படித்தான்கா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

நாத்தனார் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ரெண்டு வாட்டி நின்னுருச்சுடா தம்பி. சாமியே வேணாம்னு சொல்லுது. நடு ரோட்டுல இப்படி நின்னா என்னா ஆவறது? கடையிலயே திருப்பிக் குடுத்துருங்க. இவ சொன்ன சொல்லு இருக்குல்ல, இனிமே மோட்டாரே வேணாம்."

கணவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கீழே பார்த்தேன். என் பஞ்சாபி உடையின் ஓரத்துக்குக் கீழே ஸ்டாண்டு நன்றாக இறங்கி, தரையில் ஊன்றியிருந்தது.

அப்போதுதான் புரிந்தது. ஸ்டாண்டோடு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் விழுந்தால் அது இன்ஜினை அணைத்துவிடும். விளம்பரத் தாளின் கடைசி வரிகளில் ஒன்றாக அது இருந்தது. சிலிண்டரையும் பெல்ட்டையும் படித்த நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். வண்டி கோளாறு செய்யவில்லை. என்னிடம் இரண்டு முறை, வாய் இல்லாத குறையாக, "தொங்காட்" என்று சொல்லியிருக்கிறது.

காலால் மெல்லத் தள்ளியிருந்தால் போதும். உடை மறைத்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்றாம் முறை வண்டி போயிருக்கும், ஏதோ தோஷம் கழிந்தது என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்த வண்டியின் பேரில் ஒரு பழி நின்றுபோயிருக்கும். நாளைக்கு எது நடந்தாலும் நாத்தனார் இந்தக் காலையை இழுப்பார். நல்ல பொருள் ஒன்றின் மேல் தவறான கட்டத்தில் சரி போட்டு அனுப்ப என்னால் முடியாது. எத்தனை பேர் தலையில் ஆபரேட்டர் தவறு என்று எழுதியிருக்கிறேன்! காது சூடாகிவிட்டது. கோபமா அவமானமா என்று எனக்கே தெரியவில்லை.

"மோட்டார்ல ஒரு கோளாறும் இல்ல," என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "நான்தான் ஸ்டாண்ட தூக்கல. தூக்கலன்னா இது போகாது. போகாம இருக்கத்தான் இப்படிச் செஞ்சிருக்கான்."

"அதெல்லாம் ஒரு சாக்கு..." என்று நாத்தனார் ஆரம்பித்தார்.

"அன்னைக்கும் நான் தூக்கலக்கா. ரெண்டு வருசத்துக்கு முன்ன. ரோட்டுல மணலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஸ்டாண்ட தூக்காமப் போய் நானாத்தான் விழுந்தேன்."

ஐயர் கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றார். நாத்தனார், "அப்ப நான் விட்ட சாபம்?" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கணவரின் முகத்தை மட்டும் பார்க்கத் துணிவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, "உங்ககிட்டயும் பொய்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் தட்டையும் தேங்காயையும் அக்காவிடம் கொடுத்துவிட்டு என் அருகில் வந்தார்.

"தெரியும்," என்றார்.

"எப்படி?"

"கப்சாய விக்கிறதுக்கு முன்ன, வளைஞ்சு கெடந்த ஸ்டாண்ட பைப்ப மாட்டி நிமித்துனது யாரு? நான்தானே. நீயா சொல்லுவேன்னு விட்டுட்டேன்."

இரண்டு வருடம். அரை லாரி மணலை நான் அளந்து கொட்டிய ஒவ்வொரு முறையும் அவர் பக்கத்தில்தான் இருந்தார், தலையாட்டிக்கொண்டு. அவர் வழக்கமாகச் செய்வதுபோல் காலைத் தூக்கினார், பிறகு என்ன நினைத்தாரோ, இறக்கிவிட்டார். "நீயே தூக்கு" என்றார்.

இடது காலால் ஸ்டாண்டைத் தட்டினேன். இன்ஜினைக் கிளப்பி, கியரை அமுக்கி, கிளட்சை விட்டேன். முன் சக்கரத்திலும் பின் சக்கரத்திலும் எலுமிச்சம்பழங்கள் அடுத்தடுத்து நசுங்கின. அந்த வாசனை வீடு வரை வண்டியோடு வந்தது.

இப்போது தினமும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். முதல் வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து பட்டர்வொர்த் கடைக்குப் போனேன். எண்ணெய் மாற்றுவது பற்றிக் கேட்கத்தான் போனேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்தத் தம்பி என்னை நினைவு வைத்திருந்தார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் உங்களை ஓரமாக அழைத்து என்ன கேட்டார் என்று விசாரித்தேன்.

அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அங்கிள் ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க, ஆன்ட்டி," என்றார். "தொங்காட் தூக்க மறந்துட்டா இது ஓடுமான்னு. ஓடாதுன்னு சொன்னேன். விலையக்கூட அதுக்கப்புறம் கேக்கல."